ஜெமீலா ராத்தா எழுதச் சொன்னது

மகனே, போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆலயத்தில் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது நான் எழுந்து வெளியே போனேன். ஆராதனை முடிந்து நீ ஓடி வந்து, பிரஷர் குளிசை போட்டீங்களா அம்மா என்று கேட்டாய். வெக்கை தாங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய். நீ அங்கே நின்று என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம் ஆக்களை முன்பள்ளிக்குள் விடக்கூடாது என்று ஊரே சொன்னபோது ஒரு டீச்சர் மட்டும் எழுந்து நின்று ஜெமீலா ஆயாவுக்காகப் பேசினார், அந்த டீச்சரின் வயிற்றில் பிறந்ததை நான் பெரிய ஆசீர்வாதமாக நினைக்கிறேன் என்று சொன்னாய். சபையார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மாதக் கடைசியில் நீ மலைநாட்டுச் சபைக்குப் போகிறாய். இந்தக் கதையையும் கூடவே கொண்டுபோவாய், அங்கேயும் சொல்வாய். அதற்கு முன் மீதியை நீ அறிந்துகொள்ள வேண்டும். நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் நான் எழுந்து நின்று பேசியது மே மாதம். அதற்குப் பிறகு ஜூலை மாதம் ஒன்று வந்தது.

அந்த முன்பள்ளி உனக்குத் தெரிந்த இடம்தான். ஆலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை, முன்னால் மணல் முற்றம், சுற்றிக் கம்பி வேலி, ஒரு இரும்பு கேட். கேட்டுக்கு முன்னால் கிரவல் றோட்டு, றோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அங்கால வயல். நாவிதன்வெளிப் பக்கத்துச் சனம் விடியவே வயலுக்குப் போய்விடும். பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டதற்குப் படிப்பு இரண்டாவது காரணம்தான். வாய்க்காலுக்குப் பயந்துதான் விட்டார்கள். பள்ளி நடத்தும் சபைக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். காலையில் பிள்ளையின் கையை என் கையில் தரும்போது தாய்மார் சொல்வது, டீச்சர் தண்ணிப் பக்கம் விட்டுறாதீங்க என்பது ஒன்றுதான்.

அப்போது முப்பத்தொரு பிள்ளைகள். அதில் ஒன்பது பேர் அடுத்த ஊர் முஸ்லிம் பிள்ளைகள். காலை ஜெபத்தில் பாதிப் பிள்ளைகள் கை கூப்பும், அந்த ஒன்பது பேரும் கையை விரித்து ஏந்தும். ஒருவரையும் மாற்றச் சொல்லி நான் சொன்னதில்லை. ஜெமீலா ராத்தாவும் அந்த ஊர்தான். கணவர் மௌத்தான பிறகு, வளர்ந்த ஒரு மகளோடு தனித்துப்போய், ஆயா வேலைக்கு வந்தவர். என்னைவிட ஆறேழு வயது மூப்பு, அதனால் அக்கா என்ற முறையில் ராத்தா என்றே கூப்பிட்டேன். கூட்டுவது, பத்து மணிக்குப் பயறு அவித்துக் கொடுப்பது, மூத்திரம் போன பிள்ளையைக் கழுவிக் காற்சட்டை மாற்றுவது, கேட்டில் நிற்பது எல்லாம் அவர்தான். அறைக்குள் ஒரு பிள்ளை அழுதால், அது பசி அழுகையா, நோ அழுகையா, தாயைத் தேடுகிற அழுகையா என்று முற்றத்தில் நின்றே சொல்லிவிடுவார். எனக்கு டிப்ளோமா இருந்தது. பிள்ளையின் அழுகை அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரியாது.

குண்டுவெடிப்பு நடந்து, பிறகு சாய்ந்தமருதிலும் வெடித்து, ஒரு மாதம் பள்ளி பூட்டிக் கிடந்தது. திறக்கிறதுக்கு முன் ஆலய மண்டபத்தில் பெற்றாரையும் கூட்டி ஒரு கூட்டம். ஜெமீலாவை நிப்பாட்ட வேணும், அந்த ஒன்பது பிள்ளைகளும் தங்கட ஊரில் படிக்கட்டும் என்று பலரும் சொன்னார்கள். போதகர் ஐயா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். நான் எழுந்து, ஜெமீலா ராத்தா போனால் நானும் போகிறேன், வேற டீச்சரைத் தேடுங்கள் என்று சொன்னேன். அந்த நேரம் மற்ற அறை டீச்சர் பிரசவ லீவில் இருந்தாள். நானும் போனால் பள்ளியே இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு ஒரு பெயர் வந்தது. கல்முனையில் சந்தையில் வைத்துக்கூட ஒரு பெரியவர் வந்து, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது மகனே. மறைக்க என்ன இருக்கிறது. மிகவும் பிடித்திருந்தது.

பள்ளி திறந்தபோது பாதுகாப்புக்கென்று ஒரு புது ஒழுங்கு. பிள்ளைகள் வந்து முடிந்ததும் கேட்டில் ஆமைப்பூட்டுப் போட வேண்டும். பூட்டுவது ஆயாவின் பொறுப்பு என்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒரு சாவி ராத்தாவின் இடுப்பில். இன்னொன்று என் கைப்பையில். அந்த இரண்டாவது சாவி இருப்பது அநேகமாக எவருக்கும் ஞாபகமில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், வாய்க்கால் கரை முட்ட ஓடியது. கிருத்திகா என்று ஒரு பிள்ளை, நாலு வயது, சுகந்தியின் மகள். அவர்களின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மரப்பாலத்தைத் தாண்டினால் மூன்றாவது வளவு, பள்ளி முற்றத்தில் நின்றாலே கூரை தெரியும். அன்று காலை வந்ததிலிருந்து, டீச்சர் என்ட தண்ணிப் போத்தலை வீட்ட விட்டுட்டு வந்துட்டன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். முதல் தரம், பிறகு பார்ப்போம் என்றேன். இரண்டாவது தரம் என் உடுப்பைப் பிடித்து இழுத்தாள். இருந்து படத்துக்கு வர்ணம் பூசுங்கோ என்று சொல்லி அனுப்பினேன். விளையாட்டு விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது, என் எண்ணமெல்லாம் அதில்.

ஒன்பதரை போல ஒரு சின்னப் பிள்ளை வயிற்றாலடித்துக்கொண்டு அழ, ராத்தா அவனைக் கழுவப் பின்னால் பைப்படிக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் போதகர் ஐயா எனக்குப் போன் எடுத்தார். அறையிலும் முற்றத்திலும் சிக்னல் சரியாக இல்லை, உனக்குத் தெரியும். பிள்ளைகளை வர்ணம் பூசவிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்து றோட்டுக்கு வந்து கதைத்தேன். விழாவுக்கு ஆரைப் பிரதம விருந்தினராக அழைப்பது என்ற கதை. ஐந்து நிமிடம் இருக்கும். உள்ளே ஒரு பிள்ளை கத்தியது. போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்து, கேட்டை ஒரு கையால் இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன். பூட்டு வளையத்தில் தொங்கியது. பிறகு வந்து பூட்டுவேன் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு ராத்தா கிண்ணங்களில் பயறு போட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். ஒரு கிண்ணம் மிஞ்சியது. அவர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்தார். நான் மலசலகூடத்துப் பக்கம் ஓடினேன். அவர் நேரே வாய்க்காலுக்கு ஓடினார். அவருக்கு நீந்தத் தெரியாது. உடுத்த உடுப்போடு இறங்கி, நெஞ்சுமட்டத் தண்ணீரில் கரையைப் பிடித்துப் பிடித்துக் கீழே நடந்து, மதகடியில் மிதந்த சல்வீனியா நீர்ச்செடிக்குள் அந்தப் பிள்ளையைக் கண்டெடுத்தார். நான் றோட்டுக்கு வரும்போது ராத்தா கிருத்திகாவைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். ஓட்டோவில் கொண்டுபோனோம். கல்முனைக்குப் போய்ச் சேரும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பின்னேரம் ஆலய அறையில் வைத்துப் பொலிஸ் விசாரித்தது. போதகர் ஐயா, சபைக் கமிட்டி ஆக்கள் இரண்டு பேர், நான், ராத்தா. ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது. ராத்தாவின் உடுப்பு இன்னும் காயவில்லை. கேட்டை நான் பூட்டித்தான் வைத்தேன், பைப்படிக்குப் போகும்போதும் பூட்டித்தான் இருந்தது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியென்றால் எப்படித் திறந்தது என்று பொலிஸ் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, டீச்சர், கேட் விசயம் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

நான் சொன்னேன்: "கேட் ஆயாட பொறுப்பு."

இதைத்தான் நான் சொன்னேன் மகனே. சுவரில் எழுதி ஒட்டியிருந்த வசனம். அதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. நீ உன் ஊழியத்தில் எத்தனையோ பேரின் பாவ அறிக்கையைக் கேட்கப் போகிறாய். ஆக்கள் பொய் சொல்லும்போது அநேகமாகப் பொய்யைச் சொல்லமாட்டார்கள். உண்மையில் ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். ராத்தா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன், அதற்காகக் காத்திருப்போம் என்பதுபோலப் பார்த்தார். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் செத்த வீட்டுக்கு ராத்தா தனியாக நடந்து வந்தார். வராதே என்று அவரின் ஊராக்கள் சொல்லியும் வந்தார். வளவு வாசலில் அவரைக் கண்டதும் சுகந்தி ஓடிப்போய், இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அவரின் முகத்தில் எறிந்தாள். உன்ட வயிறு எரியும், உன்ட குடும்பம் விளங்காது என்று சொல்லிச் சொல்லி எறிந்தாள். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆக்கள் வேறு கதைகளும் கதைக்கத் தொடங்கினார்கள். மறந்து போய்த் திறந்துவிடவில்லை, வேணுமென்றுதான் திறந்துவிட்டவள் என்று ஒருவன் சொன்னான். அந்தக் காலத்தில் அப்படியான ஒரு கதை எவ்வளவு தூரம் ஓடும் என்று உனக்கு விளங்கும். நான் பெட்டிக்குப் பக்கத்தில் சுகந்தியின் தாயைப் பிடித்தபடி இருந்தேன். அந்தக் கதை என் காதில் விழுந்தது.

பிள்ளையைக் கவனிக்காமல் விட்ட கவலையீனம் என்று வழக்குப் போட்டார்கள். ராத்தாவை இரண்டு நாள் வைத்திருந்து பிணையில் விட்டார்கள். ஒன்றரை வருடம் இழுத்து, கடைசியில் வழக்கு இல்லாமல் போனது. ஆனால் அதற்குள் அவரின் மகளுக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பிவிட்டது. கோட்டுக்குப் போற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்றார்களாம். அந்த ஒன்பது பிள்ளைகளும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வரவில்லை. ஒருவரும் அவர்களை நிப்பாட்டவில்லை, அவர்களாக வரவில்லை. மே மாதம் கூட்டத்தில் ஊர் கேட்டது ஜூலையில் தானாக நடந்தது. நடத்திக் கொடுத்தது நான்.

இந்த இடத்தில் நீயும் வருகிறாய். அந்த வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை நீ உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நீதான் போய்க் கதவைத் திறந்தாய். ஜெமீலா ராத்தா. ஊரை விட்டு மருதமுனைக்குத் தன் தங்கையின் வீட்டுக்குப் போகிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன் என்றார். நீ கதிரை எடுத்துப் போட்டாய். அவர் உட்காரவில்லை. நீ உள்ளே போனபிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"டீச்சர், உங்கட கையிலயும் ஒரு சாவி இருந்த. அண்டைக்கி அத எடுத்தீங்களா?"

எனக்கு ஞாபகமில்லை ராத்தா என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். பிறகு, செரி டீச்சர், நான் வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ வந்து, ஏனம்மா அவ அழுதுகொண்டு போறா என்று கேட்டாய். பாவம், கஷ்டம் என்று சொன்னேன். முதல் தரம் நான் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை செத்துச் சில மணித்தியாலம், வெளியே கூட்டம், உன் அப்பாவும் இல்லாத வீடு. இரண்டாவது தரம் அப்படி எந்தச் சாட்டும் இல்லை. பகல் வெளிச்சத்தில், என் வீட்டு வாசலில், ஒரு மனிசி கேட்ட நேரான கேள்விக்கு, யோசித்துப் பார்த்துப் பொய் சொன்னேன்.

என் பிள்ளையின் படிப்புக்காகத்தான், நான் மறியற்சாலைக்குப் போனால் அவனுக்கு ஆர் இருக்கிறார்கள் என்று கன காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னைச் சாட்டி நான் ஒளிந்துகொண்டேன், அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உண்மைக் காரணம் அதைவிடச் சின்னது, அதைவிடக் கேவலமானது. மே மாதம் வந்த அந்த நல்ல பெயர் போய்விடும் என்று பயந்தேன். ராத்தாவைக் காப்பாற்றியவள் என்ற பெயரைக் காப்பாற்ற ராத்தாவையே விட்டுக்கொடுத்தேன். நீ போகும் இடத்திலும் உனக்கு ஒரு பெயர் வரும், நீ நல்ல பிள்ளை, கட்டாயம் வரும். அது வந்த நாளிலிருந்து உன்னைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகத்தோடு இரு. என்னைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அதன்பிறகும் பல வருடம் நான் அந்தப் பள்ளியிலேயே படிப்பித்தேன். வேலியை உயர்த்தினேன், மணிக்கொருதரம் பிள்ளைகளை எண்ணினேன், கைப்பையில் சாவி வைப்பதை விட்டேன். பிள்ளைகள் என்னை நல்ல டீச்சர் என்று நினைத்தார்கள். போன வருடம் ஓய்வுபெறும்போது பொன்னாடை போர்த்தினார்கள். பயறு அவிக்கும் அடுப்படிக்கு மட்டும் நான் போவதில்லை. புது ஆயா, டீச்சருக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டாள்.

உன் பிரசங்கத்தைக் கேட்ட மறுநாள் காலை சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது ஐந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான், அவனை அவள் எங்கள் பள்ளிக்கு அனுப்பவில்லை. முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். சாவியை எடுத்தது, றோட்டில் நின்று கதைத்தது, சாத்திவிட்டு ஓடியது, போத்தல் கேட்டு அவள் மகள் என் உடுப்பைப் பிடித்து இழுத்தது, எல்லாம். அவள் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே கேட்டாள். முடிந்தபிறகு, இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர் என்றாள். இன்னொரு தரம் சொன்னேன். அவள் அப்படியே நெல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை.

"மறதி ஆருக்கும் வரும் டீச்சர். வயலுக்க நிக்கக்க பிள்ளைய மறந்த நாள் எனக்கும் இருக்கு. அதுக்கு நான் உங்கள ஏசமாட்டன். ஆனா அந்த மனிசி என்ட பிள்ளையத் தண்ணிக்க இருந்து தூக்கிக்கொண்டு வந்தவ. அவட முகத்தில நான் மண் அள்ளி எறிஞ்சனான். என்னைக் கொண்டு அதைச் செய்விச்சது நீங்க."

அவள் ஏசியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். உடுப்பில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டு எழுந்து, அவ இப்ப எங்க இருக்கிறா என்று கேட்டாள். மருதமுனையில் என்றேன். நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்க என்றாள். வழியில் என்னோடு கதைக்கமாட்டேன், ஆனால் வீடு காட்டத்தான் வேணும் என்றும் சொன்னாள். சொன்னபடியே பஸ்ஸில் வேறு சீட்டில் இருந்தாள்.

ராத்தா தங்கை வீட்டுப் பின்பக்கம் நெசவுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார், ஒரு கண்ணில் புரை. மகளுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. அவள்தான் எங்களைக் கண்டு உம்மா என்று கூப்பிட்டாள், என்னை அடையாளம் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கும் முன்பே சுகந்தி போய் ராத்தாவின் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் பதறிப்போய்க் காலை இழுத்தார். ஆரு இது என்று கேட்டார், கண் தெரியவில்லை. கிருத்திகாட அம்மா என்று சுகந்தி சொன்னாள்.

ராத்தா நூற்கட்டையைக் கீழே வைத்தார். சுகந்தியின் தலையைத் தொட்டார், பிறகு முகத்தை. அதன்பிறகு அவர் சொன்னது என்னிடம் இல்லை, அவளிடம்.

"மகள், உங்களுக்கிட்டச் செல்ல ஒரு விசயம் இரிந்த. அண்டைக்கி அதச் செல்லத்தான் உங்கட வீட்ட வந்த. நான் தூக்கக்குள்ள பிள்ளைட கண் மூடித்தான் இரிந்த. முகத்தில பயம் ஒண்டும் இல்ல, நித்திரை கொள்ற மாதிரித்தான். ஒரு செருப்புக் கழண்டிருந்த. மத்தது காலிலதான் கிடந்த. வீட்ட போற வழியிலதான் பிள்ளை போயிருக்கு. அழுதுபோட்டுப் போகல்ல."

இத்தனை வருடமும் தன் பிள்ளையைக் கடைசியாகத் தூக்கிய கையிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் சுகந்தி இருந்திருக்கிறாள். அதைச் சொல்ல வந்தவரை மண் எறிந்து துரத்தியிருக்கிறாள். நான் ராத்தாவின் வேலையையும் மகளின் கலியாணத்தையும் மட்டும் பறித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இதையும் பறித்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சுகந்தி அப்போதுதான் அழுதாள். ராத்தாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். நான் தூணோடு நின்றேன். என்னை உட்காரச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய தேவையும் இல்லை.

பிறகு நான் சொன்னேன். ராத்தா குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு டீச்சர், உங்கட வீட்ட வந்து கேட்டது விளங்காமக் கேட்டதில்ல என்றார். பொலிஸில் ஏன் சொல்லவில்லை ராத்தா, கோட்டிலாவது சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். கேட்டபிறகுதான் அந்தக் கேள்வியின் வெட்கம் எனக்கு உறைத்தது.

"ஆரு நம்புற? அந்த நேரம் எங்கட ஆக்கள் செல்லி ஆரு எத நம்பின? டீச்சர்தான் திறந்த எண்டு நான் செல்லியிருந்தா, எங்கட ஊர்ல நாலு வீடு எரிஞ்சிரிக்கும். நீங்க செல்லியிருந்தா ஒரு வீடும் எரியா."

மன்னிப்புக் கேட்டேன். அது இப்போது என்னால் ஏலாது, பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்றார். உங்களைச் சபித்துப் பதுவா கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன், ஆனால் மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்ல வராது என்றார். நான் போகத் திரும்பியபோது கூப்பிட்டார். வாயால் சொல்வது காற்றோடு போய்விடும், எழுதுங்கள் என்றார். தங்கள் ஆக்களும் எங்கள் ஆக்களும் வாசிக்கிற மாதிரி எழுத வேண்டும், ஜெமீலா கேட்டைப் பூட்டித்தான் போனவள் என்று எழுத வேண்டும் என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

அதனால்தான் உனக்கு எழுதும் கடிதத்தை எல்லாருக்கும் திறந்து எழுதுகிறேன். ஜெமீலா ராத்தா கேட்டைப் பூட்டித்தான் போனார். திறந்தது நான். பூட்டாமல் விட்டதும் நான். நேற்றுப் பொலிஸுக்கும் போய் வாக்குமூலம் கொடுத்தேன். எழுதி எடுத்தார்கள், இனி என்ன செய்வார்கள் என்று சொல்லவில்லை. எது வந்தாலும் வரட்டும், வக்கீல் பிடிக்கவென்று நீ ஓடித் திரிய வேண்டாம். இதுவரை எழுதியதன் பிரதி ஒன்றைப் போதகர் ஐயாவிடம் கொடுத்தேன். இதை விட்டுவிடலாமே, சபைக்கும் பள்ளிக்கும் கெட்ட பெயர், உங்கள் மகனின் ஊழியமும் இப்போதுதான் தொடங்குகிறது என்றார். நல்ல மனுசன், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் மே மாதக் கூட்டத்தில் செய்ததுபோல எழுந்து நின்று வீரம் பேசவில்லை. பிரதியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்று ராத்தாவின் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வாசிப்பதாகச் சொன்னார்கள்.

நீ சனிக்கிழமை வருகிறாய். உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். என்னைத் தேற்ற வராதே. அம்மா அந்த நேரம் பயந்துபோயிருந்தா என்று ஒருவரிடமும் எனக்காகக் கதைக்காதே. எங்கேயாவது ஒரு சபையில் என் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் இரண்டு மாதத்தையும் சேர்த்துச் சொல், அல்லது சொல்லாமல் விடு.

ஞாயிற்றுக்கிழமை நம் ஆலயத்திலும் இதை வாசிக்க வேண்டும். நீ வாசிக்கிறாயா, என்னால் முடியாது என்கிறாயா, அது உன் முடிவு. நீ மறுத்தால் நானே எழுந்து வாசிப்பேன். சுகந்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ராத்தாவிடம் கேட்டேன், பதில் சொல்லவில்லை, ஆனால் மகள் ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நீ வாசிப்பதானால் என்னைப் பார்த்து வாசிக்காதே. கடைசி வரிசையில், கதவோரமாக, தலையை மூடியபடி இரண்டு பேர் வந்து நிற்கக்கூடும். அவர்களுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக வாசி. முதலில் அவர்களுக்கு இருக்க இடம் கொடு.

உன் அம்மா